ஐந்து மில்லிமீட்டர் புல்

2022 காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி, புல்தரையில் பந்தை உருட்டி ஒரு சிறு இலக்குப் பந்துக்கு அருகே நிறுத்தும் லான் பௌல்ஸ் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17–10 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது நினைவிருக்கலாம். அந்த ஆட்டம் நடந்தது பெரிய ஸ்டேடியத்தில் அல்ல. லெமிங்டன் ஸ்பா ஊரின் விக்டோரியா பூங்காவில். பிரிட்டனில் பல பூங்காக்களில் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு புல்தரை உண்டு. செலவைக் குறைக்க நகராட்சிகள் கை வைப்பதும் இதில்தான். இப்போது பூட்டிவிட்டுப் பிறகு திறந்துகொள்ளலாம் என்பார்கள். இந்தத் தரையில் அது நடக்காது.

பக்கத்துக்கு 31 முதல் 40 மீட்டர் வரையுள்ள சதுரம் அது. அடியில் வடிகால் குழாய், சரளை, மேலே மணல் கலந்த மண், சுற்றிலும் பள்ளம். ஃபெஸ்க்யூ, பென்ட் என்ற மெல்லிலைப் புற்களைக் கோடையில் 5 மி.மீ. உயரத்தில் வைத்திருப்பார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? உருட்டும் பந்து முழு உருண்டை அல்ல, ஒரு பக்கம் சற்றுச் சரிவாகக் கடைந்தது. வேகமாக ஓடும்போது ஏறக்குறைய நேராகப் போகும். வேகம் தளரத் தளர வளையும். நிற்கப்போகும் கடைசி ஓரிரு மீட்டரில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் போதும், திசை கெட்டுவிடும். பந்து 27 மீட்டர் ஓடி நிற்க எடுக்கும் வினாடிகளை வைத்தே தரையின் வேகத்தைச் சொல்வார்கள். வினாடி கூடினால் 'வேகமான' தரை! வழுக்கலான தரையில் மெல்லத் தள்ளினாலே போதும், அதனால்தான்.

தரைக்கு முதல் எதிரி தாட்ச். பாதி மட்கிய தண்டும் வேரும் மண்மேல் மெத்தைபோலப் படிவது இது. ஒரு செ.மீ. தாண்டினால் ஈரம் தேங்கும், வேர் கீழே இறங்காது, இலையுதிர் காலத்தில் ஃபியூசேரியம் பூஞ்சை வட்டவட்டமாகத் தின்னும். ஆகவே செப்டம்பர் கடைசியில் ஆட்டக்காலம் முடிந்ததும் கீறி வாரி, துளையிட்டு, சதுர மீட்டருக்கு 35 கிராம் விதை தூவி, மேல்மண் பரப்புவார்கள். 36 மீட்டர் தரைக்குச் சுமார் 45 கிலோ விதை பிடிக்கும். மேல்மண்ணை அள்ளிக் கொட்டினால் மட்டம்தான் கெடும்.

ஒரு கோடை முழுக்க அறுக்காமல் விட்டால் முரட்டுப் புல் மெல்லிலையை அமுக்கிவிடும். பிறகு ஒரேயடியாக 5 மி.மீ.க்கு இறக்கினால் வெறும் தண்டுதான் மிஞ்சும்.

இழப்பு புல்லோடு நிற்பதில்லை. பந்தின் எடை 1.59 கிலோவைத் தாண்டாது, ஓட்டமில்லை, மோதலில்லை. எழுபது வயதுக்காரர் பதினைந்து வயதுப் பிள்ளையோடு சமமாக ஆடக்கூடிய வெளி விளையாட்டுகள் வேறு எத்தனை இருக்கின்றன? ஆனால் எப்போதும் எல்லோருக்கும் இது திறந்திருந்ததில்லை. 1541-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் சட்டம் உழைக்கும் மக்கள் கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாளில் இதை ஆடக் கூடாது என்றது. அது நீங்கியது 1845-இல்.

சில ஊர்களில் கிளப்காரர்களே தரையைப் பொறுப்பேற்கிறார்கள். காலையில் நீளக் கோலால் பனித்துளியைத் தட்டிவிடுவது பூஞ்சையைக் குறைக்கும். அதற்குத் தொண்டர்கள் போதும். ஆடும் திசையை அடிக்கடி மாற்றினால் ஆடுபவர் நின்று உருட்டும் பாயை விரிக்கும் இடம் தேயாது. ஆனால் நகராட்சியிடம் சாவி வாங்கும்போதே வடிகால் வரைபடத்தையும் சிலிண்டர் அறுப்பு மெஷினையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். வீட்டுத் தோட்டத்துச் சுழல்கத்தி மெஷின் இந்த உயரத்தில் புல்லைச் சுரண்டி மண்ணைத்தான் காட்டும்.