கயிற்றில் தொங்கிப் பாடியிருந்தால்?

"பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் பாதிக்குப் பிறகு குரல் ஏன் அப்படி நடுங்குகிறது? பாடகர் நடுங்குகிறாரா, ரெக்கார்டு கெட்டுப்போயிருக்கிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. ஒரு மரப்பெட்டிக்குள் சுழலும் குழல் செய்கிற வேலை அது.

1966 ஏப்ரல் 6 அன்று, லண்டன் அபே சாலையிலிருந்த, பீட்டில்ஸின் ரெக்கார்டு நிறுவனமான ஈஎம்ஐயின் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கிய பாட்டு இது. 'ரிவால்வர்' ஆல்பத்துக்காக முதலில் பதிவானது இதுதான். பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு), பின்னணியில் தம்புரா. வரிகளுக்கு மூலம், திபெத்திய மரண நூலை அடியொற்றி அமெரிக்க உளவியலாளர் டிமதி லியரியும் இரு சகாக்களும் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் பற்றி எழுதிய கையேடு. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலத் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்று, இதைப் பாடிய பீட்டில்ஸ் உறுப்பினர் ஜான் லென்னன் கேட்டார். அப்போது 20 வயதான ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு லெஸ்லி ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது.

லெஸ்லி என்பது ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் கீபோர்டோடு வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே, நம்மூர்த் திருவிழாக்களில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரின் குட்டி போல ஒரு குழல், மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு குழல் தெரியும். அதிலிருந்து சத்தம் வராது, எடையைச் சமப்படுத்த மட்டும். எமரிக் லென்னனின் குரலை இந்தப் பெட்டிக்குள் அனுப்பி, வெளியே வருவதை மைக் வைத்துத் திரும்பப் பிடித்தார்.

டாப்ளர் விளைவைப் பள்ளியில் படித்திருப்போம். ரயில் நெருங்கும்போது ஹாரன் சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். லெஸ்லியிலும் அதேதான், வட்டமாக. வேகமாக ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. குழலின் வாய் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் வேகம் நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர், நிதானமாகப் போகும் ஸ்கூட்டர். ஒலியின் வேகத்தில் இது இரண்டரை சதவீதம்தான். ஆகவே சுருதி நகர்வதும் அவ்வளவே: ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் நொடிக்கு ஆறேழு முறை.

சிறுவயதில் மேஜை விசிறி முன்னால் "ஆ" என்று கத்தியிருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் சத்தத்தின் அளவுதான் வெட்டுப்படுகிறது. லெஸ்லியில் அளவும் மாறுகிறது, சுருதியும் மாறுகிறது, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குழல் நேராக உங்களைப் பார்க்கும் கணத்தில் சத்தம் அதிகம். ஆனால் அந்தக் கணத்தில் அது பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது, உங்களை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. சுருதி மாற்றம் பூஜ்யம். சுருதி உச்சத்தில் இருந்தது அதற்குக் கால் சுற்று முன்பு, வாய் பக்கவாட்டில் திரும்பியபடி உங்களை நோக்கி ஓடி வந்தபோது. ஒன்று முன்னே ஓட மற்றது பின்னால் துரத்துகிறது. போதாததற்கு, உங்களிடமிருந்து குழல் விலகும் அதே நேரம் எதிர்ச்சுவரை நெருங்குகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி ஏறியிருக்கும், நேரே வருவதன் சுருதி இறங்கியிருக்கும். இரண்டும் கலந்து காதுக்கு வரும்போது, குரல் எங்கிருந்து வருகிறது என்று மூளையால் ஒரு புள்ளி வைக்க முடிவதில்லை.

லென்னனுக்கு இது பிடித்துப்போய், அடுத்த யோசனை சொன்னார்: கூரையின் நடுவிலிருந்து என்னைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், கீழே தரையின் நடுவில் மைக், என்னைத் தள்ளிவிட்டால் சுற்றிக்கொண்டே பாடுவேன். யாரும் செய்யவில்லை. செய்திருந்தாலும் ஏமாந்திருப்பார். மைக்கை மையமாக வைத்து வட்டமடித்தால் தூரம் மாறவே மாறாது. தூரம் மாறாவிட்டால் நேராக வரும் ஒலியில் டாப்ளரும் கிடையாது. மைக்கை ஓரமாக வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சேர்த்த டேப் வளையங்களை, அதாவது முனைகளை ஒட்டி ஒரே ஒலி திரும்பத் திரும்ப ஓடும்படி செய்த நாடாக்களைப் பற்றித் தனியே எழுதலாம். இன்னொரு பீட்டில்ஸ் உறுப்பினர் பால் மெக்கார்ட்னி வீட்டில் செய்து கொண்டுவந்தவை அவை. கடற்பறவை போலக் கேட்பது வேகம் கூட்டப்பட்ட அவருடைய சிரிப்பு. பல இயந்திரங்களில் வளையங்கள் ஓட, ஊழியர்கள் பென்சிலில் நாடாவை மாட்டி இழுத்துப் பிடிக்க, கலவை நேரடியாகவே செய்யப்பட்டது. 1996-இல் கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் மின்னிசை இரட்டையர் 'செட்டிங் சன்' பாட்டை வெளியிட்டபோது, முப்பது வருடத்துக்கு முந்தைய இந்தப் பாட்டின் சாயல் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஈஎம்ஐ என்றதும் ஒரு கதை வந்துவிடும்: பீட்டில்ஸ் சம்பாதித்த பணத்தில்தான் சிடி ஸ்கேன் பிறந்தது என்று. அதை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு ஈஎம்ஐ பொறியாளர், நோபல் வாங்கியவர், அதெல்லாம் சரி. ஆனால் அந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு பணம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை. பாட்டு விற்று அறிவியல் வளர்ந்தது என்ற கதை இனிக்கிறது. வரிப்பணத்துக்கு ரசிகர் மன்றம் கிடையாதே!

லெஸ்லியின் சாயலை இன்று பல கீபோர்டுகளில் 'ரோட்டரி' என்ற பொத்தானில் கேட்கலாம். உள்ளே சுழல எதுவுமில்லை, எல்லாம் கணக்கு. ஆனால் மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள்: சட்டென்று மாறாது, ஒரு நொடி இழுக்கும். குழலை மோட்டார் தள்ளிப் பழைய பெட்டி வேகம் எடுக்க ஆன நேரம் அது. இல்லாத மோட்டாருக்காக அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.