மெய்நிகர் உலகத்தின் சாவி யாரிடம்?

தருமபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்களை இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகத்துக்குள் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கிருந்தும் வந்து கல்லைச் சுற்றிப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவரிடம் அந்த வீரனைப் பற்றிப் பேசலாம். அருமையான வேலைதான். ஆனால் அந்த உலகத்தை நடத்தும் நிறுவனம் அதை மூடிவிட்டால் கற்களும் அதோடு போய்விடும். கூகுள் 2008 ஜூலையில் தொடங்கிய ‘லைவ்லி’ என்ற மெய்நிகர் உலகம் அதே ஆண்டு டிசம்பர் 31-இல் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்பதால் உத்தரவாதம் ஏதும் இல்லை.

காரணம், இந்த உலகங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் கணினியில் உள்ள ‘வியூவர்’ என்ற மென்பொருள் படம் வரைவதோடு சரி. எந்தக் கல் எங்கே நிற்கிறது, யாருக்குச் சொந்தம், சுவரில் மோதினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் உலகத்தை நடத்துபவரின் கணினியான சர்வர்தான் தீர்மானிக்கிறது. 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ உலகத்தில், நிலம் 256 மீட்டர் பக்க அளவுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் 128 பிட் அடையாள எண் உண்டு. வியூவர் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கும். சர்வர் வடிவத்தையும் மேற்பரப்புப் படத்தையும் அனுப்பும். ஆக, உலகம் என்பது சர்வரின் தரவுத்தளமே. நிலக் கட்டணமும், அந்த உலகத்தின் நாணயமான லிண்டன் டாலரின் பரிமாற்றக் கட்டணமும் நிறுவனத்துக்கு வருமானம் தருவது இதனால்தான்.

2007 ஜனவரியில் லிண்டன் லேப் வியூவரின் மூல நிரலை வெளியிட்டது. சர்வரின் நிரலைத் தரவில்லை. அதே மாதத்தில், அந்த வியூவருக்குப் பதில் சொல்லக்கூடிய வேறொரு சர்வரை நிரலாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஓப்பன் சிமுலேட்டர். யாரும் இறக்கி, திருத்தி, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். சிறிய உலகத்துக்குச் சாதாரணக் கணினியே போதும். ஒரு நிலப்பகுதியை மண்மேடு, பொருள்கள், படங்கள் உட்பட ‘ஓ.ஏ.ஆர்.’ என்ற ஒரே கோப்பாகச் சேமித்து, வேறொரு சர்வரில் விரித்துவிடலாம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டா லோபஸ் உருவாக்கிய ‘ஹைப்பர்கிரிட்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓர் உலகத்தில் பதிவு செய்தவர் அதே உருவத்தோடு இன்னொரு உலகத்துக்குள் நுழையலாம். வந்தவர் யார் என்பதைப் புதிய சர்வர் அவருடைய சொந்த சர்வரிடம் கேட்டு உறுதி செய்கிறது. உடைகளையும் அங்கிருந்தே பெறுகிறது.

வணிகத்தின் முடிச்சும் இங்கேதான் விழுகிறது. ‘நகலெடுக்கக் கூடாது’ என்று ஒரு பொருளில் குறித்தாலும், சர்வரை நடத்துபவர் நினைத்தால் தரவுத்தளத்தில் அந்தக் குறியை மாற்றிவிட முடியும். உழைத்து உருவாக்கிய கலைஞர்களின் அச்சம் நியாயமானது. அதனால் சில உலகங்கள் பொருள்கள் வெளியேறுவதைத் தடுக்கின்றன. ஓப்பன் சிமுலேட்டர் உலகங்களுக்கான பொருள்களை விற்கும் ‘கைட்லி’ என்ற இணையச் சந்தையில், வெளியே கொண்டுபோகலாமா என்பதை விற்பவரே முடிவு செய்கிறார்.

மென்பொருள் இலவசமாகிவிட்டதால், வெற்று நிலத்தை விற்று நெடுநாள் பிழைக்க முடியாது என்பது என் கணிப்பு. பராமரிப்பு, வடிவமைப்பு, பயிற்சி ஆகியவற்றுக்குத்தான் பணம் வரும். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு மெய்நிகர் பாதுகாப்புப் பயிற்சிக் கூடம் அமைத்துத் தரும் வேலையைக் கிருஷ்ணகிரியில் ஒரு சிறு குழுவே எடுத்துச் செய்யலாம். அமர்த்துபவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடக் கூடாது: ஓ.ஏ.ஆர். கோப்பு மாதந்தோறும் தங்கள் கைக்கு வர வேண்டும். அது இருந்தால், வாடகை ஏறும்போது வேறு சேவையாளரிடம் மாறிக்கொள்ளலாம்.