காற்றில் அசையும் மரத்தைப் படம்பிடித்துப் பாருங்கள்

ஒரு கேம்கார்டரின், அதாவது கையில் பிடித்து எடுக்கும் வீடியோ கேமராவின், தரத்தை அறிய வேண்டுமா? காற்று வீசும் நேரத்தில், இலை அடர்ந்த ஒரு மரத்தைப் பத்து நொடி படம்பிடித்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். நல்ல கருவியில் இலைகள் இலைகளாகவே அசையும். சுமாரான கருவியிலோ, காற்று ஓய்ந்திருக்கும்போது துல்லியமாகத் தெரியும் மரம், கிளைகள் ஆடத் தொடங்கியதும் பச்சைச் சேறாகக் குழம்பிவிடும். காற்று நின்றதும் இலைகள் மெல்லத் திரும்பி வரும். இரண்டு பெட்டிகளின் மேலும் ஒரே பிக்சல் எண்ணிக்கைதான் அச்சிடப்பட்டிருக்கும். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்கள்; அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். முழு எச்டி பிரேம் ஒன்றில் 1920×1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கின்றன. நம் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாகப் பார்க்கும். நிறத்தில் அவ்வளவு கூர்மை இல்லை. ஆகவே கேம்கார்டர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஒளியளவைக் குறித்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக எழுதுகின்றன. இந்தச் சிக்கனத்துக்குப் பிறகும் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட்டுகள் (0 அல்லது 1 என்னும் இலக்கங்கள்) தேவை. நொடிக்கு 30 பிரேம் என்றால் ஏறத்தாழ 746 மெகாபிட், அதாவது 74.6 கோடி பிட்டுகள் ஆகிறது. ஆனால் சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்னும் வீடியோ பதிவு முறையில் அப்போது அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு நொடிக்கு 24 மெகாபிட்தான். 31 பங்கில் ஒரு பங்கு மட்டுமே மெமரி கார்டில் எழுதப்படுகிறது. மீதி 30 பங்கை எங்கே, எப்படி விட்டுவிடுகிறது என்பதில்தான் கருவியின் திறமை அடங்கியிருக்கிறது.

பெரும்பகுதியை அது காலத்தில் மிச்சப்படுத்துகிறது. அவ்வப்போது ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, இடையில் வருபவற்றுக்கு மாற்றங்களை மட்டும் எழுதும். 'இந்தக் கட்டம் இரண்டு புள்ளி வலப்புறம் நகர்ந்தது, இந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது' என்பதுபோன்ற குறிப்புகள் அவை. அசையாத சுவருக்குச் செலவே கிடையாது. சாலையில் ஓடும் காருக்கும் செலவு குறைவு; அது மொத்தமாக ஒரே திசையில் நகர்கிறது. மரம் அப்படியல்ல. ஒவ்வோர் இலையும் தன்போக்கில் புரளும், ஒளியில் மின்னும், மறையும். முந்தைய பிரேமிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. ஒதுக்கிய பிட்டுகள் தீர்ந்துபோக, கருவி நுண்விவரங்களைக் கைவிடுகிறது. ஓடும் ஆற்றிலும் கொட்டும் மழையிலும் இதே கதைதான்.

எனவே, பிக்சல் எண்ணிக்கையைவிட நொடிக்கு எத்தனை மெகாபிட் பதிவாகிறது என்பதை முதலில் பாருங்கள். 4கே பிரேமில் 83 லட்சம் புள்ளிகள். முழு எச்டியைப்போல நான்கு மடங்கு. அதற்கு ஏற்ற பிட் வீதம் இல்லாவிட்டால் அந்தப் புள்ளிகள் பெயருக்குத்தான் இருக்கும். ஒரே சுருக்க முறையைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு இடையில் மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும் என்பதை மறக்க வேண்டாம். 2013இல் வந்த எச்.265 முறை, 2003இல் வந்த எச்.264 தரும் தரத்தைக் கிட்டத்தட்டப் பாதிப் பிட்டுகளில் தந்துவிடும்.

அடுத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே ஒரு விளக்கு எரியும் அறையில் ஒரு முகத்தைப் படம்பிடியுங்கள். இங்கே பேசுவது சென்சாரின், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சில்லின், பரப்பு. '1 அங்குல' சென்சார் என்ற பெயரை நம்பி அளந்தால் ஏமாந்துபோவோம். அதன் உண்மை அளவு 13.2×8.8 மில்லிமீட்டர்தான். பழைய விடிகான் குழாய்க் கேமராக்களில் கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லியே அளவு குறித்தார்கள். படம் விழும் பகுதி அதைவிடச் சிறியது. குழாய்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் கணக்கு போகவில்லை. 1/2.3 அங்குலச் சென்சார் ஏறத்தாழ 6.2×4.6 மில்லிமீட்டர். முந்தையதன் பரப்பில் கால்பங்கு. விலை குறைந்த கேம்கார்டர்களில் மூலைவிட்டமே 3 மில்லிமீட்டர் அளவில் உள்ள சென்சார்களும் உண்டு.

ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. மழைத்துளிகள்போல ஒழுங்கில்லாமல் விழுகிறது. 100 துகள்கள் விழ வேண்டிய இடத்தில் ஒருமுறை 90, ஒருமுறை 110 என்று ஏறி இறங்கும். 10,000 விழும் இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றில் ஒரு பங்குதான். இருட்டில் படத்தின் மேல் கொதிக்கும் அந்தப் புள்ளிக்கூட்டம், அதாவது இரைச்சல், பெரும்பாலும் இதனால் வருவது. அதோடு நிற்பதில்லை. இரைச்சல் ஒவ்வொரு பிரேமிலும் புதிதாகப் பிறப்பதால், அசையும் இலைகளைப்போலவே பிட்டுகளை விழுங்கிவிடும். அதைத் தடுக்கக் கருவி படத்தை மழுப்புகிறது; முகத்தின் தோல் மெழுகு பூசியதுபோல ஆகிறது. தலைமுடி இழை இழையாகத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் வரும் 'குறைந்தபட்சம் 1 லக்ஸ்' போன்ற எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு. நேரடி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவு. ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, மின்சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்கினால் எந்தக் கருவியும் ஏதோ ஒன்றைக் காட்டும். கையை ஆட்டினால் பின்னால் வால் நீளும். அவ்வளவுதான் அந்த எண்ணின் மதிப்பு.

சிறிய சென்சாரை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. கைக்குள் அடங்கும் கருவியில் 20 மடங்கு, 30 மடங்கு ஜூம் கிடைப்பதே அதனால்தான். பெரிய சென்சாருக்கு அதே ஜூம் வேண்டுமென்றால் லென்ஸ் மிகப் பெரிதாகிவிடும். தொலைவில் உள்ள மேடையைப் பகலில் படம்பிடிப்பவருக்குச் சிறிய சென்சார் நல்ல தேர்வுதான். லென்ஸின் எஃப் எண்ணை மட்டும் கவனியுங்கள்; அது கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். அகலக் காட்சியில் 1.8 ஆக இருந்து ஜூமின் முடிவில் 3.6 ஆனால், உள்ளே வரும் ஒளி கால்பங்காகக் குறைகிறது. டிஜிட்டல் ஜூம் என்பது நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அந்த எண்ணைப் படிக்கவே தேவையில்லை.

வரிசையாக நிற்கும் தூண்களின் முன்னால் கேமராவை வேகமாகத் திருப்பினால், தூண்கள் சாய்ந்து தெரியலாம். சிமாஸ் என்னும் வகைச் சென்சார்களில் பெரும்பாலானவை படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. கடைசி வரியைப் படிப்பதற்குள் தூண் இடம் மாறிவிடுகிறது. சாய்வு எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாகப் படிக்கும் சென்சார் அது. நடுக்கத்தைத் தடுக்க லென்ஸின் ஒரு பகுதியை நகர்த்தும் முறை, படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்யும் மின்னணு முறையைவிட மேலானது. இருட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். ஒவ்வொரு பிரேமிலும் ஏற்கெனவே பதிந்துவிட்ட மங்கலை வெட்டி எடுக்க முடியாது.

ஒலியைப் பலரும் கடைசியாகக்கூட நினைப்பதில்லை. உடலோடு ஒட்டிய மைக், ஜூம் மோட்டாரின் முனகலையும் விரல் உரசலையும் சேர்த்தே பிடிக்கும். வெளி மைக்குக்கு ஒரு துளையும், பதிவாகும்போதே கேட்க ஹெட்போனுக்கு ஒரு துளையும் உள்ள கருவியை, கூடுதல் பிக்சல் உள்ள கருவியைவிட மேலாகவே மதிப்பேன்.

சோதிக்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டையே எடுத்துச் செல்லுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், வி30 குறியுள்ள கார்டு குறைந்தது 30 மெகாபைட் எழுதும், போதுமானது. பதிவுத் தரத்தை மெனுவில் உச்சத்துக்கு மாற்றிய பிறகே படம்பிடியுங்கள். கேமராவின் சிறிய திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதே கோப்பைப் பெரிய திரையில் ஓடவிட்டு, கிளைகள் மிக வேகமாக ஆடும் நொடியில் நிறுத்துங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, இலைகளின் விளிம்புகளைப் பாருங்கள்.