சத்தமில்லாத படகு

கால்நடை மருத்துவராகக் காங்கேயத்தில் வேலையைத் தொடங்கிய புதிதில், கிளுவை வேலிக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு சினைப்பசுவைப் பின்பக்கமாக ஓசைப்படாமல் நெருங்கினேன். "பின்னால போவாதீங்க டாக்டர், ஒரு சத்தம் குடுத்துப்போட்டுத் தோள்பக்கமா வாங்க" என்று அந்த மேய்ச்சல் நிலத்துக்காரரான கொறங்காட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் உதை விழுந்துவிட்டது. மாட்டின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி 300 பாகைக்கு மேல் அதனால் பார்க்க முடியும். வாலுக்கு நேர் பின்னே உள்ள சிறு பகுதிதான் அதற்குக் குருட்டுப் பக்கம். அங்கிருந்து ஓசையின்றி வருகிற எதையும் அது வேட்டை விலங்காகவே எடுத்துக்கொள்ளும். இதைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். முழங்காலில் வாங்கிய பிறகே விளங்கியது.

துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான கடல் கயாக் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மாட்டைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சியாட்டிலிலும் வான்கூவரிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் திருப்பூர், கோவைக் குடும்பங்கள் அங்கிருந்து அலாஸ்கா வரை போய்க் கயாக் ஓட்டிவிட்டு வருகின்றன. திரும்பியதும் படங்களை என்னிடம் காட்டுகிறார்கள். இன்ஜின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை, ஆகவே விலங்குகளுக்குத் தொந்தரவும் இல்லை என்பது அவர்கள் எல்லோருடைய நம்பிக்கை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில், முப்பது கடல்நாய்கள் (சீல்கள்) வரை படுத்திருந்த பாறையொன்றைக் கண்டதும், துடுப்பை மடியில் வைத்துவிட்டு நீரோட்டத்தின் போக்கிலேயே கயாக்கை விட்டேன். ஓசைப்படாமல் போவதே மரியாதை என்பது என் எண்ணம். ஒரு கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதை ஆர்வம் என்று தவறாக எடுத்துக்கொண்டு கேமராவைத் தேடினேன். அடுத்து நான்கைந்து தலைகள் எழுந்தன. பிறகு சில நொடிகளில் கூட்டம் முழுவதும் சரிந்து நீருக்குள் போக, பாறைமேல் ஒரு குட்டி மட்டும் தனித்துக் கிடந்தது. அதன் தாய் திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க அங்கே நிற்கவும் கூடாது, ஏனென்றால் நாங்கள் நிற்கும்வரை அது ஏறப்போவதில்லை. விலகிப் போவது ஒன்றுதான் எங்களால் செய்ய முடிந்த உதவி.

இன்ஜின் படகு வெகுதொலைவிலிருந்தே தன் வரவைச் சொல்லிவிடுவதால், அது எந்தப் பக்கம் போகிறது, தன்னைத் தேடி வருகிறதா என்பதை எடைபோட விலங்குக்கு நேரம் கிடைக்கிறது. கயாக்கோ நீர்மட்டத்தை ஒட்டி, பாறை மறைவிலிருந்து நாற்பது ஐம்பது மீட்டரில் திடீரென்று தலைகாட்டுகிறது. மூக்கை நேராக நீட்டிக்கொண்டு, வேகம் குறைந்து குறைந்து நெருங்குகிறது. கொல்லும் திமிங்கிலத்துக்கும் கரடிக்கும் அஞ்சி வாழும் ஓர் உயிர் இதைப் பதுங்கல் என்று படிக்காமல் வேறெப்படிப் படிக்கும்?

மருத்துவனாக என்னை உறுத்துவது குட்டியின் பால்தான். நம் எருமைப்பாலில் 7 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு இருந்தாலே கெட்டிப்பால் என்கிறோம். இந்தக் கடல்நாயின் பாலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. சுமார் 10 கிலோ எடையில் பிறக்கும் குட்டி, நான்கு முதல் ஆறு வாரமே பால் குடித்து, அதற்குள் எடையை இருமடங்காக்கிக்கொண்டு தாயைப் பிரிகிறது. இவ்வளவு குறுகிய கணக்கில் தவறிப்போகும் ஒவ்வொரு பாலூட்டலும் பெரிய நட்டம். அந்தப் பூங்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்னும் குறுகிய கடல்நுழைவைக் குட்டி ஈனும் மே, ஜூன் மாதங்களில் கயாக் உட்பட எல்லாப் படகுகளுக்கும் மூடிவைப்பது இதனால்தான்.

கட்டுத்தரையில் மாடு அசைபோடுவதை நிறுத்திக் காதைத் திருப்பினால் நாம் நின்றுவிடுவோம். கடலில் அந்த முதல் அறிகுறி, தூக்கிய தலை. ஆனால் அங்கே நின்று வெறித்துப் பார்க்காமல், அதே வேகத்தில் சாய்வாக விலகிச் செல்ல வேண்டும். விலங்குக்கும் கயாக்குக்கும் நடுவே குறைந்தது 91 மீட்டர் இடைவெளி வேண்டும். எட்டு டவுன் பஸ்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். அலாஸ்காக் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலத்தை அதைவிட நெருங்குவது சட்டப்படியே குற்றம். அது தானாகவே அருகில் எழுந்துவிட்டால், கயாக்கின் பக்கவாட்டில் துடுப்பால் மெல்லத் தட்டி இருப்பைத் தெரிவிப்பது வழக்கம். கரையில் இறங்கி நடந்தால் கரடிக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டு போக வேண்டும். சத்தியமங்கலம் காட்டில் யானைத்தடத்தில் நடப்பவர்கள் செருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் போவதைக் கண்டவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு தானாகவே வாரி இழுக்கும், பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது; மிதவைச் சட்டையைப் படகில் வைத்திருக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போகாதவர்களுக்கு மன்னார் வளைகுடா இருக்கிறது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. அங்கே ஆழமற்ற கடற்புல் வெளியில் மேயும் கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அது மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே தீரவேண்டும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். மிரண்டால் ஆழத்தை நோக்கித்தான் ஓடும். ஆகவே அதற்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் கயாக்கைக் கொண்டுபோகாமல், கரைப்பக்கமாக ஒதுங்கி, ஆழம் போகும் வழியைத் திறந்துவையுங்கள்.