ராபி: அறுவடையின் பெயர் கொண்ட பருவம்

பயிர்க் காப்பீட்டு அறிவிப்பில் 'ராபி பருவம்' என்று படித்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, பனியில் வளர்த்து, பங்குனி, சித்திரையில் அறுக்கும் பயிர்களின் பருவம் இது. வடக்கே கோதுமை, கடுகு, கொண்டைக்கடலை, பார்லி, பட்டாணி.

'ரபீ' அரபுச் சொல்; பொருள் வசந்தம். ரபியுல் அவ்வல் என்ற மாதப் பெயரில் இருப்பதும் இதுவே. முகலாயர் கால நிலவரிக் கணக்குகளில் பாரசீகம் வழியாகப் புழங்கியது. பனிக்காலப் பயிருக்கு வசந்தத்தின் பெயர் ஏன்? அது வசந்தத்தில் களத்துக்கு வருவது. தென்மேற்குப் பருவமழையில் விதைக்கும் பருவத்துக்கான இணைச் சொல் 'கரீஃப்' இலையுதிர்காலத்தைக் குறிப்பதும் அப்படியே. வரி தண்டுபவருக்கு விதைப்பைவிட அறுப்புதானே முக்கியம்!

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்ணில் தங்கிய ஈரம், பாசனம், மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை ஆகியவையே வடக்கில் ராபிக்கு ஆதாரம். கோதுமை குளிரில் நன்றாகத் தூர்கட்டும், அதாவது அடியிலிருந்து பல தண்டுகள் விடும். மணி முற்றும் வேளையில் வெயில் ஏறினால் சுருங்கிவிடும். 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் விளைச்சல் குறைந்தது; மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக உளுந்து, பாசிப்பயறு, சோளம், கொத்தமல்லி விதைப்பது வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். அதைப் 'புரட்டாசிப் பட்டம்' என்பார்கள். பட்டம் என்றால் விதைப்புக்கு உகந்த காலம். அரபுச் சொல் அறுப்பைப் பார்க்கிறது, நம் சொல் விதைப்பைப் பார்க்கிறது. டெல்டாவின் சம்பா நெல்லும் காப்பீட்டில் ராபி கணக்கில் சேர்வதுண்டு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டும் பங்கு கரீஃபுக்கு 2 விழுக்காடு, ராபிக்கு 1.5 விழுக்காடு. ஆகவே இந்தச் சொல் பணத்தோடும் தொடர்புடையது.

'குளிர்காலப் பயிர்' என்ற வழக்கமான மொழிபெயர்ப்பு பஞ்சாபுக்குப் பொருந்தும். மழையில் முளைக்கும் கரிசல் உளுந்துக்கு ஒட்டவில்லை. பொதுச்சொல் வேண்டுமென்றால் 'பனிக்காலப் பயிர்' என்பேன். முன்பனி, பின்பனி இரண்டையும் கடந்துதானே அது விளைகிறது. நெல்லுக்கோ புதுச்சொல் தேடவே வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் ஆனி வாக்கில் தொடங்குவது கார், ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். கரீஃப், ராபி என்ற இணைக்கு நெல்லைச் சீமை வைத்திருக்கும் பெயர்கள் இவை.