டவர் சாய்ந்தால் முதலில் அடியைப் பாருங்கள்

வீட்டுச் சுவரின் விளிம்பையும் ஆன்டெனா டவரையும் ஒரே கோட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறீர்கள். டவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் ஹாம் ரேடியோக்காரர் கை சும்மா இருக்காது. டவரைத் தரையோடு இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பிகளில் எதிர்ப்பக்கக் கம்பியை முறுக்கி ஒரு இழு இழுத்தால் சரியாகிவிடாதா? ஆகலாம். டவர் கீழே வந்தாலும் வரலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்டே கம்பி இல்லாமல் தன் காலிலேயே நிற்கும் டவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 15 மீட்டர், எடை 150 கிலோ, உச்சியில் ஆன்டெனாவும் அதைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டருமாக இன்னொரு 50 கிலோ. இது 1 டிகிரி சாய்ந்தால் உச்சி சுமார் 26 சென்டிமீட்டர் விலகும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்தச் சாய்வால் அடித்தளத்துக்குக் கூடும் கவிழ்க்கும் திறன், 1 மீட்டர் கடப்பாரையின் நுனியில் 33 கிலோ தொங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். இப்போது காற்றுக்கு வருவோம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகப் புயல், ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அந்தப் பரப்பு 15 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே கடப்பாரை நுனியில் 1,500 கிலோ! சாய்வு தந்ததைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்.

ஆக, லேசான சாய்வு தானாக டவரைத் தள்ளிவிடாது. எது அதைச் சாய்த்ததோ அதுதான் அடுத்த புயலில் தள்ளும். ரேடியோவுக்கும் இந்தச் சாய்வு ஒரு பொருட்டில்லை. ஒரு திசையை நோக்கி அனுப்பும் மூன்று உறுப்பு யாகி ஆன்டெனாவின் கதிர் 60 டிகிரி அளவுக்கு அகலமானது. ஒன்றிரண்டு டிகிரி பிசகினால் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மனக்குறை நமக்குத்தான்.

அப்புறம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணளவில் நம்பக் கூடாது. உங்களை நோக்கிச் சாய்ந்திருப்பது உங்கள் கண்ணுக்குப் படாது. அதனால் ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு திசைகளில் நின்று, தூக்குநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நூல் காற்றில் ஆடினால் குண்டை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவிடுங்கள், அடங்கிவிடும். வெயில் ஒரு பக்கம் அடித்தாலே உலோகம் விரிந்து டவர் சற்று வளையும் என்பதால் காற்றில்லாத விடியற்காலை நல்லது. டி.ஐ.ஏ-222 என்ற அமெரிக்கத் தரவிதி 400-இல் ஒரு பங்கு விலகலை ஏற்கிறது. 15 மீட்டருக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. அளந்ததைத் தேதியோடு எழுதிவைத்து, சில வாரம் கழித்து மறுபடி அளங்கள். கட்டிய நாளிலிருந்தே அப்படி நிற்கும் டவர் வேறு, மாதாமாதம் சாய்ந்துகொண்டே போகும் டவர் வேறு.

அடியிலிருந்து உச்சிவரை நேர்கோடாகச் சாய்ந்திருந்தால் சந்தேகம் அஸ்திவாரத்தின் மேல். 1.2 மீட்டர் கனசதுரக் கான்கிரீட் 4 டன்னுக்கு மேல் எடை வரும். கொட்டிச் சமன்செய்த மண்ணிலோ, ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண்ணிலோ அது அப்படியே புரண்டு கொடுக்கும். அதை மேலேயிருந்து கம்பி கட்டி இழுத்தால் கான்கிரீட் அசையாது, டவரின் கால்தான் வளையும். நடுவில் வில்லாக வளைந்திருந்தால் ஸ்டே கம்பிகளின் இழுவை ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரு கால் மடங்கியிருக்கிறது. குழாய்க் கால்களுக்குள் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே இரும்பு மிச்சமில்லை.

ஸ்டே கம்பியின் இழுவையைக் கருவி இல்லாமலே அளக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. எஃகு ஸ்டே கம்பியை அது அறும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு இழுவையில் வைப்பது வழக்கம். 5 மில்லிமீட்டர் அளவுள்ள உயர்பலக் கம்பிக்கு அது சுமார் 180 கிலோ. கம்பியின் கீழ்முனை அருகே கையால் ஒரு தட்டு தட்டி, விரலை அதன்மேல் வைத்திருங்கள். அதிர்வு மேலேறி, டவரில் மோதி, திரும்பி வந்து விரலில் துடிக்கும். மறுபடி போகும், மறுபடி வரும். 20 மீட்டர் கம்பியில் பத்துத் துடிப்புக்குச் சுமார் 3 நொடி ஆனால் இழுவை சரி. நாலரை நொடி ஆனால் பாதி இழுவை போய்விட்டது. கம்பி தளர்ந்தால் அலை சோம்பலாக நகர்கிறது, வீணைத் தந்தி தளர்ந்தால் சுருதி இறங்குவது போலத்தான்.

தளர்ந்த கம்பியை முறுக்குவதற்குமுன் அது ஏன் தளர்ந்தது என்று பாருங்கள். ஸ்டே கம்பியைத் தரையில் பிடித்துவைக்க மண்ணுக்குள் இறங்கும் நங்கூரக் கம்பி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில்தான் மெலியும். அதனோடு செம்பு எர்த் கம்பியை இணைத்திருந்தால் ஈரமண் அதை மின்கலமாக்கி, முதலில் துத்தநாகப் பூச்சையும் பிறகு இரும்பையும் தின்றுவிடும். தோண்டிப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கம்பியின் சுமையைத் தாங்கத் தற்காலிக நங்கூரம் போட்ட பிறகு, ஒரு சமயத்தில் ஒன்றைத்தான். போலந்தில் 646 மீட்டர் உயரத்தில் நின்ற வார்சா வானொலிக் கம்பம் 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது எந்தப் புயலிலும் இல்லை. ஸ்டே கம்பியை மாற்றும் வேலையின்போதுதான்.

காலும் அஸ்திவாரமும் நங்கூரமும் நன்றாக இருந்தால் மட்டும் இழுத்து நேராக்கலாம். கீழ் அடுக்குக் கம்பிகளில் தொடங்க வேண்டும். சாய்ந்த பக்கத்து டர்ன்பக்கிளை (கம்பியை முறுக்கவும் தளர்த்தவும் உதவும் மரையுள்ள இணைப்பு) அரைச் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை அரைச் சுற்று முறுக்கி, தூக்குநூலைப் பார்த்துவிட்டு அடுத்த அரைச் சுற்று. அந்த நேரத்தில் டவரில் யாரும் ஏறக் கூடாது, விழும் தூரத்துக்குள் யாரும் நிற்கவும் கூடாது. அந்த வட்டத்துக்குள் மின்கம்பி போகிறதென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம், அதற்குரியவர்களைக் கூப்பிடுங்கள். கால் அரித்திருந்தாலோ மடங்கியிருந்தாலோ நேராக்கும் பேச்சுக்கே இடமில்லை. கிரேன் கொண்டுவந்து, மேலிருந்து பிடித்துக்கொண்டு, இறக்கிவிட வேண்டியதுதான்.

நேராக்கி முடித்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டர்ன்பக்கிளின் துளை வழியே ஒரு கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டாவிட்டால், காற்றில் கம்பி அதிர அதிர மரை தானாகவே கழன்று வரும்.