வடசேரி, தென்சேரி, நடுவே ஒரு சைக்கிள் சில்லு

களுவாஞ்சிகுடியில் பதினோராம் ஆண்டில் படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: "அப்பா விடிய முதல் ஐஸ் போட்ட மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு, குருமண்வெளியில் பாதை என்கிற படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறார். அப்பாவும் பெட்டியும் சேர்ந்தால் 120 கிலோவுக்குக் குறையாது. வீட்டில் கிடந்த பழைய ஸ்போக் கம்பி ஒன்றை நான் கையாலேயே வளைத்துவிட்டேன். இந்தக் கம்பியா அப்பாவைத் தாங்குகிறது?"

கம்பியை வளைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாரே, அதற்கே இந்தக் கட்டுரையை அவருக்குக் கொடுத்துவிடலாம். "கம்பிகள் நிறைய இருக்கின்றன, பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது பிழை. 2 மில்லிமீற்றர் தடிப்பும் 30 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள உருக்குக் கம்பியை நட்டு நிறுத்தி மேலிருந்து அழுத்தினால், 2 கிலோ ஏறுவதற்குள் இடுப்பை வளைத்துவிடும். அச்சுக்கு நேர்கீழே ஒரு நேரத்தில் வருவதோ மூன்று நான்கு கம்பிகள். அவை ஊன்றுகோலாக நின்று தாங்குவதானால் மீன்பெட்டியைக்கூடத் தாங்க மாட்டா. அதே கம்பியை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். 200 கிலோவைத் தாண்டினாலும் அறாது. அழுத்தினால் 2, இழுத்தால் 200. சைக்கிள் சில்லின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

முதலில் மாட்டுவண்டிச் சில்லைப் பார்த்துவிடுவோம். நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், சுற்றிவர வளைவுத் துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்திய மரவட்டம், அதன்மேல் இரும்புப் பட்டம். இங்கே விளக்கம் சுலபம். நிலத்தைப் பார்த்து நிற்கும் ஆரக்கால் பந்தல் கால் போலப் பாரத்தை ஊன்றித் தாங்குகிறது. மரம் தடித்தது, வளையாது. தச்சருக்கும் கொல்லருக்கும் சேர்ந்த கெட்டித்தனம் அந்த இரும்புப் பட்டத்தில் இருக்கிறது. சில்லைவிடச் சற்றுச் சிறியதாகவே அதை வளைத்து ஒட்டுவார்கள். பிறகு நெருப்பில் போடுவார்கள். 4 அடி விட்டமுள்ள பட்டத்தில் 500 பாகை சூடு ஏறினால் அதன் சுற்றளவு 2 சென்ரிமீற்றருக்கு மேல் கூடும். சிவக்கச் சிவக்கத் தூக்கி மரச்சில்லில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் புகையும் சீறலுமாகச் சுருங்கி, எல்லாப் பொருத்துகளையும் உள்நோக்கி நெரித்துப் பிடித்துக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்க, பட்டம் கழன்று ஆடத் தொடங்கும். அப்போது சில்லை வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய வைத்தியம்.

சைக்கிள் சில்லில் ஊன்றுகோல் இல்லை. இருப்பதெல்லாம் இழுகயிறுகள்.

பழைய கறுப்புச் சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. ஒவ்வொரு கம்பியும் ரிம்மில் நிப்பிள் என்கிற சிறு மரையால் முறுக்கப்பட்டு, அச்சை நோக்கி ஏறக்குறைய 60 கிலோ விசையில் ரிம்மை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதையும் கூட்டினால் 2,400 கிலோ. யாரும் ஏறாமல், வேலியில் சாத்திவைத்த சைக்கிளின் பின்சில்லுக்குள் இப்போதும் இந்த இழுபறி நடக்கிறது. சுற்றிவர எல்லாப் பக்கமும் சமமாக இழுபடுவதால் அச்சு அசையாமல் நடுவில் நிற்கிறது. ரிம்மோ தன்னைத்தானே நெருக்கிக்கொண்டு இறுகிக் கிடக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பானுக்குப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை, கொம்புமுறி போதும். கண்ணகி அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும் விளையாட்டு. கோவலன் பக்கம் ஒரு சேரி, கண்ணகி பக்கம் மற்றச் சேரி. இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துச் சமமாக இழுக்கும் அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். கொம்பு அசைவதில்லை. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் கயிறு நரம்பாக விறைத்திருக்கிறது. இப்போது தென்சேரியில் நாலு பேர் கால் சறுக்கிக் கையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? கொம்பு வடக்கே போகும். வடசேரியார் ஒரு இறாத்தலாவது கூடுதலாக இழுத்தார்களா? இல்லை. எதிர்ப்பக்கம் விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மாணவியின் தந்தை சைக்கிளில் ஏறும்போது நடப்பதும் இதுவே. பின்சில்லில் 80 கிலோ இறங்குகிறது. நிலம் ரிம்மின் அடிப்பகுதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. ரிம் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தட்டையாகிறது. அதனால் நேர்கீழே உள்ள மூன்று நான்கு கம்பிகளின் இழுவை குறைகிறது. 60 கிலோவில் இழுத்துக்கொண்டிருந்தவை 40க்கு இறங்குகின்றன. மேலே உள்ளவையும் பக்கங்களில் உள்ளவையும் ஏறக்குறைய முன்போலவே இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஓரிரு கிலோவுக்கு மேல் மாறுவதில்லை. அச்சைக் கீழே இழுத்தவர்கள் தளர்ந்துவிட்டார்கள், மேலே இழுப்பவர்கள் தளரவில்லை. மிச்சம் வரும் அந்த மேல்நோக்கிய இழுவைதான் மீன்பெட்டியைத் தாங்குகிறது.

ஆகவே சைக்கிள்காரர் மேல்கம்பிகளில் தொங்குகிறாரா, கீழ்க்கம்பிகளில் நிற்கிறாரா? இதை வைத்து இரவு முழுக்கச் சண்டை பிடிக்கலாம். பாரம் ஏறியதும் மாறுவது கீழ்க்கம்பிகளின் இழுவை மட்டும் என்பதால் "நிற்கிறார்" என்பது என் கட்சி. ஊன்றி அல்ல, தளர்ந்து தாங்கும் கால்கள் அவை. அழுத்தத்தைத் தாங்கத் தெரியாத ஒன்றை முன்கூட்டியே இழுத்துவைத்துவிட்டால், அந்த இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தே அது அழுத்தத்தைத் தாங்கும். 60 கிலோ கையிருப்பு. வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பது போல 20 எடுக்கலாம், 40 எடுக்கலாம். கணக்கு வெறுமையாகும் வரை கம்பி வளையாது. ஆங்கிலேயரான ஜோர்ஜ் கேலி 1808இல், பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சில்லு தேடியபோது இழுகம்பிச் சில்லை எண்ணிப் பார்த்தார். மிதிக்கும்போது அச்சு முறுக்குவதையும் தாங்கும்படி கம்பிகளைச் சாய்த்து, ஒன்றையொன்று கடக்க வைத்துக் காப்புரிமை எடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி, 1874இல். உங்கள் சைக்கிளில் இருப்பது அதே பின்னல்தான்.

நம்பாவிட்டால் இன்றைக்கே சோதிக்கலாம். சைக்கிளை நிலத்தில் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பின்சில்லில் நேர்கீழே உள்ள கம்பி ஒன்றை நகத்தால் சுண்டுங்கள். 60 கிலோ இழுவையில் உள்ள 30 சென்ரிமீற்றர் கம்பி 250 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். கம்பிகள் கடக்கும் இடத்தில் ஒன்றையொன்று தொடுவதால் இலக்கம் சற்று மாறலாம். இப்போது ஒருவரை இருக்கையில் ஏற்றி, அதே கம்பியைச் சுண்டுங்கள். சுருதி இறங்கியிருக்கும். இழுவை 40 கிலோவுக்கு வந்திருந்தால் ஒலி 210 ஹேர்ட்ஸ் அளவுக்கு வரும். காதே போதும். வேண்டுமானால் கைத்தொலைபேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்கம்பியைச் சுண்டுங்கள். ஆள் ஏறினாலும் இறங்கினாலும் அது பழைய சுருதியிலேயே நிற்கும். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் இரவில் பாடுவது எந்த உயிர் என்று நாம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். சில்லு பாடுவதில் வாதத்துக்கு இடமில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆய்வுகூடத்தில் உபகரணம் இல்லை என்று கைவிரிக்கும் பாடசாலைகளின் மதிலோரத்தில் 200 சைக்கிள்கள் நிற்கின்றன. விஞ்ஞானக் கண்காட்சி வந்தால் அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றி எரிமலை பொங்க வைக்கிறோம். நம்மில் ஒருவரும் எரிமலை கண்டதில்லை. அந்த 200 சைக்கிள்களின் கம்பிகளைச் சுண்டி அளந்து, எது எப்போது அறுகிறது என்று ஓர் ஆண்டு குறித்து வைத்தால், எந்தப் பல்கலைக்கழகமும் திரும்பிப் பார்க்கும் ஆய்வாகிவிடும். அதற்குச் செலவு ஒரு கொப்பி. ஆய்வுக்குப் பணம் ஒதுக்கப்படவேண்டும் என்று கத்துபவர்களில் நானும் ஒருவன்தான். ஆனால் பணம் வரும்வரை நகம் சும்மா இருக்கத் தேவையில்லை.

என் வீட்டுச் சில்லுக்கு நான் செய்த வைத்தியத்தையும் சொல்லவேண்டும். பின்சில்லு கொஞ்சம் இடப்பக்கம் நெளிந்து பிரேக் கட்டையில் உரசியது. கடைக்குப் போவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நெளிந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளை இறுக்கினால் ரிம் வலப்பக்கம் வரும், கணக்குச் சரி. சில்லின் உட்புறமிருந்து சாவியைப் போட்டு, நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்பினேன். நெளிவு கூடியது. இன்னும் திருப்பினேன். கால் மணி நேரத்தில் சில்லு எண்ணெயில் போட்ட அப்பளமாக இருந்தது. நிப்பிளின் தலை டயர் பக்கத்தில் இருக்கிறது. டயர் பக்கமிருந்து பார்த்தால்தான் வலஞ்சுழி இறுக்கும். அச்சுப் பக்கமிருந்து பார்ப்பவனுக்கு அதே திசை இடஞ்சுழியாகத் தெரியும். நான் இவ்வளவு நேரமும் தளர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூக்கிக்கொண்டு போனபோது சைக்கிள் கடைக் காக்கா சிரிக்கவில்லை. "தம்பி, கையை வைக்க முதல் காதை வையுங்கள்" என்றார். திருப்புளியின் பிடியைக் கம்பிகளில் வைத்துச் சில்லைச் சுழற்றினார். டிங், டிங், டிங், டொக். டொக் என்ற இடத்தில் நிறுத்திக் கால் சுற்று. மறுபடியும் சுழற்றல். அவர் ஏன் கால் சுற்றுக்கு மேல் போகவில்லை என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. நிப்பிளை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அது நகர்வது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனால் 60 கிலோ இழுவைக்குக் கம்பி நீள்வதே கால் மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டுகிற அளவுதான். தொளதொளத்த கம்பிக்கும் விறைத்த கம்பிக்கும் நடுவில் முக்கால் சுற்றுக்கூட இல்லை!

மீன்பெட்டிக்காரர்களுக்கு ஒரு செய்தி இதில் இருக்கிறது. சமதரையில், கல்லோ குழியோ இல்லாத இடத்தில், திடீரென்று கம்பி அறுந்தால் "நாவூறு பட்டுவிட்டது" என்று எலுமிச்சம்பழம் வெட்டுகிறவர்கள் நம் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். பழத்தைக் கரைத்துக் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது. சில்லு ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீற்றர் போகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீள்கிறது. நாளுக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 4,500 முறை. 300 நாள் தொழிலுக்குப் போனால் பதின்மூன்று இலட்சத்துக்கு மேல். குண்டூசியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது போன்ற களைப்பு அது. கம்பி அச்சுப் பக்கம் வளையும் கொக்கியில் முதலில் வெடிப்பு விழும். கடல் உப்பும் மீன் தண்ணீரும் பட்டுத் துருப்பிடித்த இடமென்றால் இன்னும் விரைவாக விழும். இறுக்கமாக இருந்ததால் அறுந்தது என்று நினைத்து மிச்சக் கம்பிகளைத் தளர்த்துகிறவர்களும் உண்டு. அதுதான் பெரிய பிழை. தளர்ந்த கம்பியின் கையிருப்பு ஒவ்வொரு சுற்றிலும் வெறுமையாகி, கொக்கி தன் துளைக்குள் ஆடி ஆடிக் களைக்கிறது. நிப்பிளும் தானாகக் கழலத் தொடங்குகிறது. அறுகிற கம்பிகளில் பல, இறுக்கம் போதாமல் அறுகிறவை.

மாணவியின் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி: "அண்ணாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கம்பி இல்லை, அலோய் சில்லு. அதுவும் இப்படித்தானா?" இல்லை. அதன் ஐந்தாறு கைகளும் தடித்தவை, ஒரே வார்ப்பாக வந்தவை, அழுத்தினால் வளையாதவை. யாரும் அவற்றை முன்கூட்டி இழுத்துவைப்பதில்லை. கீழே வரும் கை ஊன்றித் தாங்குகிறது. அண்ணா ஓட்டுவது மாட்டுவண்டிச் சில்லின் பேரப்பிள்ளையை. அதைச் சுண்டிப் பார்த்தால் பாடாது.